எழுதுவோன் குறிப்பு

அநியாயம் நடந்தது உப்பளத்துப் பேச்சிக்கு. அவளுக்காக எழுதப்பட்ட மனுவிலேயே அவளுக்கு எதிராக ஒரு வரி இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியை வியர்வை படாமல் துணியில் சுற்றி, மடியில் கட்டி, ஒரு பகல் முழுக்க நடந்து கோட்டைக்குப் போய், இரண்டு கைகளாலும் அதிகாரியிடம் நீட்டியிருக்கிறாள்.

அதிகாரி மனுவைப் படிக்கவில்லை. கடைசி வரியை மட்டும் படித்தார். சிரித்தார்.

"எழுதிக் கொடுத்தவரே இதைப் பெருசு பண்ண வேண்டாம்னு எழுதியிருக்காரே அம்மா! நான் என்ன செய்ய?"

ஓலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாளும் நடந்தாள். அதற்கு மறுநாள் காலையில் துறை மடத்து வாசலில் வந்து நின்றாள். நின்றாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினாள்.

"மனு எழுதுத மகராசன் யாரு? வெளிய வரச் சொல்லுங்க!"

அந்த மடம் ஆற்றுத் துறைக்குப் பக்கத்தில் இருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது அதன் தினசரி வேலைகளில் ஒன்று. சீடர்கள் முறைவைத்து உட்கார்ந்து எழுதுவார்கள். சத்தம் கேட்டு உமையாள் வெளியே வந்தாள். ஓலைகளுக்குக் கரி பூசிக்கொண்டிருந்ததால் முழங்கை வரைக்கும் கறுப்பு.

"நீ இங்க வேலை செய்யுதவளா? உள்ள போயி குருவக் கூப்பிடு."

"நான்தான் குரு."

பேச்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். முப்பத்தாறு வயது. கையெல்லாம் கரி.

"நீயா?"

"நானேதான். நாலு வருஷமா."

"அப்ப உன்னைத்தான் கேக்கணும். எனக்கு எழுதிக் குடுத்தீகளா, இல்ல எனக்குக் குழி தோண்டிக் குடுத்தீகளா?"

உமையாள் ஓலையை வாங்கிப் படித்தாள். மனு நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. உப்பளத்தில் வேலை செய்பவர்கள் உச்சி வெயிலில் இளைப்பாற அரசு ஒரு கொட்டகை போட்டிருக்கிறது. கங்காணி அதில் தன் கட்டிலைப் போட்டுக்கொண்டு வேறு யாரையும் விடுவதில்லை. ஒருநாள் மத்தியானம் உப்பின் வெளிச்சத்தில் கண் இருண்டு போய்ப் பேச்சி கொட்டகைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அவளுடைய பாத்தியில் அவள் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பௌர்ணமிக்குள் அரசு ஆணை வராவிட்டால் அந்தப் பாத்தி வேறு ஆளுக்குப் போய்விடும்.

இதற்குக் கீழே, அதே முத்து எழுத்தில், சற்றுச் சிறியதாக இப்படி இருந்தது:

'எழுதுவோன் குறிப்பு: முன்னாளில் இத்தகைய மனுக்கள் வந்ததில்லை. காலம் கெட்டதே காரணம். பெரிதுபடுத்த வேண்டியதில்லை.'

உமையாள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படித்தால் ஓலையை முறித்துவிடுவோம் என்று தோன்றியதால் நிறுத்திக்கொண்டாள். யார் கை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஏகாம்பரம் ஐயாவைக் கூப்பிடுங்க" என்றாள்.

ஏகாம்பரத்துக்கு அறுபத்தேழு வயது. மடத்தில் வயதில் மூத்த சீடர் அவர்தான். கோட்டையில் முப்பத்தோரு வருஷம் மனு எழுதும் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு அமைதி தேடி மடத்துக்கு வந்தவர். அவர் வந்த நாளிலிருந்து மடத்தில் அமைதி இல்லை. காலையில் கஞ்சி நீர்த்துப்போயிருக்கும்; காலம் கெட்டுப்போச்சு. ஓடக்காரன் 'ஐயா' போட மறந்திருப்பான், காலம் கெட்டுப்போச்சு. மாங்காய் புளிக்கும். காலம்.

கூடத்துக்கு வந்தவர் ஓலையைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என் கைதான்."

"கீழே இருக்கிறது?"

"அதுவும் என் கைதான். எழுதுவோன் குறிப்பு. கோட்டை வழக்கம் அம்மா. மனுவை எழுதுறவன் கீழே தன் அபிப்பிராயத்தை ஒரு வரி போடணும். அதிகாரிகளுக்கு அது வசதி."

"இது கோட்டை இல்லையே ஐயா."

"கை பழகிப்போச்சு."

"எத்தனை மனுவில் இப்படிப் போட்டீங்க?"

"எல்லாத்துலயும்."

கூடத்தில் இருந்த மற்ற சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உமையாளுக்குக் காது சூடாகியது. இரண்டு வருஷம். வாரத்துக்கு ஒரு நாள் அவர் முறை. எத்தனை பேர் எத்தனை மடியில் கட்டிக்கொண்டு போனார்களோ.

"எல்லாத்துலயும் இதே வரி இல்லம்மா" என்று அவர் சமாதானம் சொன்னார். "சிலதுல 'உண்மையெனத் தோன்றுகிறது'ன்னும் போட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"நிதானமாப் பேசினவங்களுக்கு."

பேச்சி குறுக்கே விழுந்தாள். "பாத்தி போன ஆத்திரத்துல வந்தவ நிதானமாப் பேசணுமோ? பாட்டாப் பாடவா?"

"பாத்தீங்களா" என்றார் ஏகாம்பரம் உமையாளிடம். "முன்னே எல்லாம் இப்படிப் பேசுவாங்களா?"

உமையாள் கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த குரு கோபம் வந்தால் ஆற்றைப் பார்ப்பாராம். இவளும் ஆற்றைப் பார்த்தாள். உதவவில்லை.

"ஐயா, நீங்க செய்தது தப்பு."

"உண்மையை எழுதுறது தப்பா? நான் பார்த்ததைச் சொல்றேன். என் காலத்துல வருஷத்துக்கு ஒரு கட்டு மனு வரும். ஒரு கை அளவு. இப்போ வண்டி வண்டியா வருதாம். ஜனங்க நல்லா இருந்தா எதுக்கு மனு கொடுக்கறாங்க? கணக்குக்கூட வேண்டாம், கண்ணே போதும். நாடு கெட்டுப்போச்சு. கெட்டுப்போன காலத்துல இப்படித்தான் ஆளுக்கு ஆள் குறை சொல்லிக்கிட்டுத் திரிவாங்க. அதைத்தான் எழுதினேன்."

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். கூடத்தின் நடுவில் வந்து நின்று கைகூப்பினார். மற்றவர்கள் 'ஐயோ' என்று முணுமுணுத்தார்கள்.

"குருவிடம் கேள்வி. இந்த நாட்டு ஜனங்க அன்றாடம் வாழற வாழ்க்கை முன்னைவிட மோசமாயிருக்கா, இல்லையா?"

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூடத்தின் நடுவில் நின்று கைகூப்பிக் கேள்வி கேட்டுவிட்டால், பதில் வரும்வரை கேட்டவரும் உட்காரக் கூடாது, பதில் சொல்ல வேண்டியவரும் உட்காரக் கூடாது. படுத்துத் தூங்கலாம். நிற்கலாம், நடக்கலாம். உட்கார முடியாது. இந்த வழக்கத்தால் அங்கே கேள்விகள் குறைவாகவும் பதில்கள் சுருக்கமாகவும் இருந்தன.

'இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடத்தான் உமையாளுக்கு ஆசை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சின்ன வயதில் அவள் அள்ளிக் குடித்த ஆறு வாசலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மேலே சாயப்பட்டறைகள் வந்த பிறகு அதில் யாரும் வாய் வைப்பதில்லை. 'ஆமாம்' என்று சொல்லவோ, முன்காலத்தில் பெண்ணுக்குக் கிடைக்காத இடத்தில், இதோ கரிக் கையோடு குருவாக நிற்கிற தானே இடைஞ்சல்.

"பதில் பிறகு" என்றாள். "இவளுக்கு இப்போ என்ன வழி?"

பேச்சியே சொன்னாள்: "எழுதின ஆளே வந்து அவர் கையாலேயே வேற ஓலைல எழுதினாத்தான் வாங்குவேன்னு அதிகாரி சொல்லிட்டாக. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் மாத்தக்கூடாதாம். பௌர்ணமிக்கு மூணு நாளு இருக்கு."

"நான் வர்றதுல ஆட்சேபம் இல்ல" என்றார் ஏகாம்பரம். "ஆனா உண்மைக்கு மாறா எழுதமாட்டேன்."

"கிளம்புங்க. எப்படியும் நாம ரெண்டு பேரும் உட்கார முடியாது."

மூன்று பேரும் கிளம்பினார்கள். பேச்சி முன்னால் போனாள். அவள் நடக்கிற வேகத்தைப் பார்த்தால் முந்தைய இரண்டு நாள் நடந்தவள் என்று சொல்லவே முடியாது.

ஏகாம்பரம் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"இந்தச் சாலையில ரெண்டு பக்கமும் மருத மரம் இருந்துச்சு. வெயிலே தெரியாது. வெட்டிட்டாங்க."

உமையாள் பார்த்தாள். உண்மைதான். வெட்டிய அடிமரங்கள் வரிசையாக இருந்தன.

"அது நெசந்தான்" என்றாள் பேச்சி திரும்பிப் பார்க்காமலே.

ஏகாம்பரத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "கேட்டீங்களா அம்மா? அவளே ஒத்துக்கறா!"

"மரத்தைத்தானே ஒத்துக்கிட்டா."

"மரத்துல ஆரம்பிக்கறதுதான் எல்லாம்."

மத்தியானம் ஒரு மண்டபத்தில் தங்கினார்கள். பேச்சி காலை நீட்டி உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தாள். குருவும் சீடரும் தூணோடு தூணாக நின்றபடி சாப்பிட்டார்கள். ஏகாம்பரம் காலை மாற்றி மாற்றி ஊன்றினார். உமையாள் அதைக் கவனித்தாள். ஐயோ பாவம் என்று தோன்றியது. உடனே, இந்தப் பாவம் பார்க்கிற புத்திதான் இரண்டு வருஷமாக இவரைத் தட்டிக் கேட்க விடவில்லை என்றும் தோன்றியது.

"ஏன் ரெண்டு பேரும் நிக்கீக? சாமிக் குத்தமா?" என்று பேச்சி கேட்டாள்.

உமையாள் வழக்கத்தைச் சொன்னாள். கேள்வியையும் சொன்னாள்.

பேச்சி ஒரு கவளத்தை முழுங்கினாள். "பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே. கௌரவம் பாக்கியளோ?"

ஏகாம்பரம் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்.

மறுநாள் காலையில் கோட்டைக்குள் நுழைந்தார்கள். மனு வாங்கும் இடம் இப்போது வெளி முற்றத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஆட்கள் வந்து வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆடு மேய்ப்பவர், கூடை பின்னுகிறவள், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, இன்னும் பலர். பேச்சி ஓடிப்போய் வரிசையில் மூன்றாவதாக இடம் பிடித்துக்கொண்டாள்.

"அதிகாரி வர நேரமாகும்" என்றார் ஏகாம்பரம். "வாங்கம்மா. நான் சொன்னதுக்குச் சான்று காட்டறேன்."

தன் இடத்தைப் பின்னால் நின்ற கூடைக்காரியிடம் சொல்லிவிட்டுப் பேச்சியும் வந்தாள். இந்த ஆள் நழுவிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

இரண்டாம் வாசலைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன அறை. ஏகாம்பரம் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து எழுதிய அறை. சுவரில் ஒரே ஒரு பரண். பரணில் ஓலைக் கட்டுகள், வருஷத்துக்கு ஒன்றாக.

"பாருங்க. முப்பத்தோரு வருஷமும் இவ்வளவுதான். ஒரு ஆள் தலைச்சுமையா தூக்கிட்டுப் போகலாம். வெளிய பார்த்தீங்களே, அந்த வரிசை ஒரு மாசத்துல இதைத் தாண்டிடும். இப்போ சொல்லுங்க. நாடு கெட்டிருக்கா, இல்லையா?"

"இங்க வந்தவங்க யாரையாவது நீங்க திருப்பி அனுப்பினது உண்டா?"

ஏகாம்பரம் நிமிர்ந்தார். இதற்காகவே காத்திருந்தவர் போல. "ஒருத்தரைக்கூட இல்ல. வந்த எல்லாருக்கும் எழுதினேன். எரிஞ்சு விழுந்ததுகூடக் கிடையாது. சத்தியம்."

அது சத்தியம்தான் என்று உமையாளுக்கும் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய்யராக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்: "யாரு, நம்ம எழுத்தய்யாவா?"

தொண்டு கிழவர் ஒருவர் தடியை ஊன்றி வந்தார். வீரணன். இரண்டாம் வாசலுக்குப் பழைய காவல்காரர். வாசலுக்கு இப்போது கதவும் இல்லை, காவலும் இல்லை. வீட்டில் பொழுது போகாமல் தினமும் வந்து அங்கேயே நின்றுகொண்டிருப்பவர்.

"வீரணா!" ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல நேரத்துல வந்தே. நம்ம காலத்துல இந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல! ஊசி விழுந்தா கேக்கும். அவ்வளவு அமைதி."

"கேட்டீங்களா!"

"சும்மா வந்துச்சா அந்த அமைதி?" வீரணன் பெருமையோடு தடியைக் காட்டினார். "நாளைக்கு முப்பது பேரு, நாப்பது பேரு வருவான். அழுதுக்கிட்டு வருவான், கத்திக்கிட்டு வருவான், பொம்பளைங்க மாரடிச்சுக்கிட்டு வருவாங்க. ஒருத்தர் இந்த வாசப்படி ஏறணுமே! அங்கேயே மடக்கி அனுப்பிடுவேன். மேல்துண்டு போட்ட ஆளுங்க, அமைதியாப் பேசற ஆளுங்க, அப்படி மாசத்துக்கு ரெண்டு மூணு பேரைத்தான் உள்ள விடறது. மாசத்துக்கு ஒரு தடி உடையும் எனக்கு."

அறையில் இப்போதும் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும்.

"யாரு உன்னை அப்படிச் செய்யச் சொன்னது?" என்றார் ஏகாம்பரம். குரல் மெலிந்திருந்தது.

வீரணன் குழம்பிப்போனார். "நீங்கதானே ஐயா. சத்தம் கேட்டா கை நடுங்குது, எழுத்து கோணிடுதுன்னு சொன்னீங்களே. வேலைக்குச் சேர்ந்த மூணாம் நாளு."

ஏகாம்பரம் பரணைப் பார்த்தார். அதில் இருந்த ஓலைகளில் ஒரு எழுத்துக்கூடக் கோணலாக இல்லை.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சீடர் தலைகுனிந்திருக்க வேண்டும். ஆனால் ஏகாம்பரம் தலைகுனிகிற சீடர் இல்லை. தொண்டையைச் செருமினார்.

"சரி. மனுவை வெச்சுச் சொன்னது தப்பு. எடுத்துக்கறேன். அதனால காலம் கெடலைன்னு ஆகிடுமா? மரம் போனது போனதுதானே? ஆறு போனது போனதுதானே? மனு நிறைய வர்றதுனால நாடு மோசம்னு ருசுவாகாது, ஒத்துக்கறேன். நல்லா இருக்குன்னும் ருசுவாகாதே!"

உமையாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதிலும் கொடுமை, அவர் சொன்னது சரி.

பொறுமை போயிற்று. பேச்சியின் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு பேச்சி. உங்கம்மாவும் உப்பளத்துலதானே இருந்தாங்க? அவங்க காலத்தைவிட இப்போ உன் பாடு பரவாயில்லையா, இல்லையா? இவருக்குக் கேக்கற மாதிரிச் சொல்லு."

பேச்சி யோசித்தாள்.

"எங்கம்மா காலத்துல கொட்டகையே கெடையாது. கங்காணிக்கும் வெயிலு, எங்கம்மைக்கும் வெயிலு. எல்லாரும் ஒண்ணாக் காஞ்சாக. இப்போ கொட்டகை இருக்கு. எனக்குன்னு போட்டதுன்னு சொல்லுதாக. நான் உள்ள போனா என் பாத்தி போவுது. நிழலு பத்தடியில இருக்கு, கண்ணுக்குத் தெரியுது, போகக் கூடாது. இதுல எது மோசம்? நீங்கதான் படிச்சவுக, நீங்க சொல்லுங்க."

ஏகாம்பரம் துள்ளினார். "பார்த்தீங்களா! அவளே மோசம்ங்கறா!"

"நான் எப்ப மோசம்னு சொன்னேன்?" பேச்சி சீறினாள். "எது மோசம்னுதானே கேட்டேன்! அந்தம்மா என்னடான்னா நல்லாருக்குன்னு சொல்லுங்கா. நீரு என்னடான்னா கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்கீரு. ரெண்டு பேரும் உங்க சண்டைக்கு என்னைய ஏன் சாட்சிக்கு இழுக்கீக? நான் பாத்தி கேட்டு வந்தவ!"

உமையாளுக்கு முகம் சிவந்தது. இரண்டு நாளாக ஏகாம்பரத்தின் மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு, பிசகாமல், தன்மேல் திரும்பியது. அவரும் பேச்சியைப் பார்க்கவில்லை, தானும் பார்க்கவில்லை. அவர் அவளை ஓலையில் எழுதினார். தான் அவளை இங்கே கூப்பிட்டு நிறுத்தினாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"மன்னிச்சுக்கோ" என்றாள்.

"மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும். அதிகாரி வந்தாச்சு, வாங்க."

அதிகாரி நாற்பது வயதுக்காரர். ஏகாம்பரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வரிசையில் முன்னால் இருந்தவர்களை ஒதுக்கச் சொல்லப்போனார். பேச்சியே தடுத்துவிட்டாள், அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான், காத்திருந்தாள். அவள் முறை வந்தபோது அதிகாரி மறுபடியும் எழுந்தார்.

"ஐயா, உங்க குறிப்புகளைப் பார்த்துத்தான் நான் தொழில் கத்துக்கிட்டேன். மேலே படிக்கவே வேண்டாம். கடைசி வரி ஒண்ணு போதும். அவ்வளவு தெளிவு!"

நேற்றானால் இந்தப் பாராட்டை ஏகாம்பரம் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது தரையைப் பார்த்தார்.

"அந்த ஓலைக்குப் பதிலா வேறே எழுதித் தர வந்திருக்கேன்."

"எழுதுங்க ஐயா. ஆனா முறையைச் சொல்லிடறேன். கீழே குறிப்பு இருந்தா, குறிப்பின்படி முடிவு. குறிப்பு இல்லேன்னா மனு முழுசையும் நான் படிச்சாகணும். படிச்சா ஆணை போட்டாகணும். கொட்டகை எல்லாருக்கும்னு சட்டமே இருக்கு. இன்னைக்குக் குதிரை கிளம்பினா பௌர்ணமிக்கு முன்னே உப்பளம் போய்ச் சேர்ந்துடும்."

பேச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உட்காரச் சொல்லி மணைப்பலகை போட்டார்கள். ஏகாம்பரம் உட்காரவில்லை. நின்றபடியே இடது கையில் ஓலையைப் பிடித்து எழுத்தாணியை எடுத்தார். முற்றத்தில் பிள்ளை அழுதது. ஆடு கத்தியது. யாரோ யாரையோ முந்தாதே என்று திட்டினார்கள். அத்தனை சத்தத்துக்கும் நடுவில் எழுதினார். கை நடுங்கியது. எழுத்து கோணியது. விடாமல் எழுதினார். நடுவில் நிறுத்தி, "எத்தனை அடியில் கொட்டகை?" என்று பேச்சியைக் கேட்டார். "பத்தடி" என்றாள். அதையும் எழுதினார்.

மனு முடிந்தது. ஓலையில் கீழே இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது.

எழுத்தாணி அங்கே வந்து நின்றது.

அதிகாரி பார்த்தார். பேச்சி பார்த்தாள். உமையாளுக்கு அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது.

"எழுதிட்டீகல்லா, குடுங்க" என்றாள் பேச்சி.

ஏகாம்பரம் கொடுக்கவில்லை. உமையாளைப் பார்த்தார். அந்த முகத்தில் வீம்பு இல்லை. நிஜமாகவே தவித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் பொய் எழுதினவன் இல்ல. வாசல்ல நடந்தது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையும் ஏத்துக்கறேன். ஆனா உள்ளதை எழுதாம விடறதும் பொய்தான். அந்த ஆத்துத் தண்ணியை நீங்களும்தான் குடிக்கறதில்ல. என் கண்ணு எதிர்ல இந்த நாடு கெட்டுப்போச்சு. மனசார அப்படித்தான் நினைக்கறேன். இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த இடத்தை அப்படியே விட்டுடறேன். ரெண்டு நாளா நிக்கறேன். பதில் சொல்லுங்க. கெட்டுப்போச்சா, இல்லையா?"

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். பேச்சிக்குப் பாத்தி கிடைத்துவிடும். அந்தச் சொல் மட்டும் உமையாளுக்கு வரவில்லை.

அவள் அவர் கையிலிருந்த ஓலையை மெதுவாக வாங்கினாள். பேச்சியிடம் கொடுத்தாள். பேச்சி அதை அதிகாரியிடம் நீட்டினாள். பிறகு உமையாள் மேசையில் கிடந்த புது ஓலை ஒன்றை எடுத்து, ஏகாம்பரத்தின் வெறும் கையில் வைத்தாள்.

"உங்களுக்குக் கெட்டுப்போச்சு ஐயா, நான் மறுக்கல. அதை இந்த ஓலையில எழுதி, கீழே உங்க பேரைப் போட்டு, வரிசையில போய் நில்லுங்க. உங்களுக்கு முன்னாடி பதினேழு பேர் இருக்காங்க."